மாடல் ரயில் பெட்டியைப் பிரித்து மறுபூச்சு அடித்தல்: விருதுநகர்–செங்கோட்டைத் தடத்தை முன்வைத்து

மாடல் ரயில் பெட்டிக்கு மறுபூச்சு என்பது நான்கு வேலைகள் சேர்ந்தது: பெட்டியைப் பிரிப்பது, பழைய பெயின்ட்டை எடுப்பது, புதிதாக அடிப்பது, எழுத்துகளைப் பதித்து மறுபடி பூட்டுவது. கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டும்தான் என்பதால், புதிதாக இறங்குபவர் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறார். பூச்சு கெட்டுப்போவதற்கான காரணங்களோ பெரும்பாலும் முதல் இரண்டு வேலைகளில் கிடக்கின்றன. அவற்றுக்கும் முன்னால் தீர்த்துவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெட்டி எந்த ஆண்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செல்லும் விருதுநகர்–தென்காசித் தடம் 1927இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில் திறக்கப்பட்டது. அது மீட்டர் கேஜ்; தண்டவாளங்களுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவானபோது தடம் அதன் கைக்கு வந்தது. 2003–04 காலத்தில் இந்தப் பகுதி அகலப்பாதையானது. தென்காசியை அடுத்த செங்கோட்டைக்கு அப்பால் மலையிறங்கிப் புனலூர் போகும் பகுதி அகலப்பாதையாகி முழுமையாகத் திறக்க 2018 ஆயிற்று. இந்த ஆண்டுகள் பெயின்ட் அடிப்பவருக்கு நேரடியாக வேண்டியவை. இந்திய ரயில்வேயின் சாதாரணப் பெட்டிகள் பல பத்தாண்டுகள் அரக்குச் சிவப்பில் ஓடின. வேக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்த 1990களில் நீலம் பரவியது: அடர்நீல உடல், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. 2018 முதல் சில ரயில்களின் பழைய பெட்டிகள் இளமஞ்சளும் பழுப்புமாக மாறின. ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த எல்எச்பி பெட்டிகளுக்குச் சிவப்பும் சாம்பலும்.

இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்கும். இந்தத் தடத்துக்கு அகலப்பாதை வந்தபோது நீலக் காலம் நன்றாக ஊன்றிவிட்டது. ஆகவே ராஜபாளையத்தில் நிற்கும் அரக்குச் சிவப்புப் பெட்டி என்றால் அது ஏறக்குறைய எப்போதும் மீட்டர் கேஜ் பெட்டிதான். அகன்ற பெட்டி ஒன்றுக்கு அரக்குச் சிவப்பு அடித்து, செங்கோட்டைப் பலகையும் மாட்டினால், எவ்வளவு நேர்த்தியாக அடித்திருந்தாலும் அது ஓடாத ரயில். நீலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மீட்டர் கேஜின் கடைசிக் காலத்திலும் நீலப் பெட்டிகள் உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸ் போன்ற சென்னை–செங்கோட்டை ரயில்களைச் செய்ய விரும்புபவருக்கு இரட்டை நீலம் பாதுகாப்பான தேர்வு.

அடுத்தது அளவு. உலகில் மிகுதியாக விற்கும் மாடல் அளவு எச்ஓ, அதாவது 1:87. இதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ.; ஐரோப்பிய அமெரிக்கப் பாதையான 1,435 மி.மீட்டருக்குக் கணக்கிட்டது. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் கணக்குப்படி 19.3 மி.மீ. வர வேண்டும். பெரும்பாலோர் இந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு சாதாரண எச்ஓ பாதையிலேயே ஓட்டுகிறார்கள். சக்கரம் பெட்டிக்கு அடியில் மறைந்திருப்பதால் அது கண்ணை அவ்வளவாக உறுத்தாது. மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. பாதை தனியாகவே கிடைக்கிறது. கணக்குக்கும் அது நெருக்கம்.

பெட்டியின் உடல் அப்படி மறைவதில்லை. பெரம்பூர் ஐசிஎஃப் ஆலை 1955இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு உற்பத்தியைத் தொடங்கி, 2018 தொடக்கம் வரை கட்டிவந்த அகலப்பாதைப் பெட்டி, தாங்கிகளையும் சேர்த்து 22.3 மீட்டர் நீளம், 3.25 மீட்டர் அகலம். எச்ஓவில் இது சுமார் 256 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஐரோப்பிய விரைவு ரயில் பெட்டியின் அசல் 26.4 மீட்டர் நீளம், 2.83 மீட்டர் அகலம்; மாடலில் 303 மி.மீ., 32.5 மி.மீ. ஐசிஎஃப் பெட்டியைவிட நீளம் அதிகம், அகலம் குறைவு. ஜன்னல் கணக்கும் ஒத்துவராது, கம்பிகள் கிடையாது. இதற்கு நீலம் அடித்தால் நீலம் அடித்த ஜெர்மன் பெட்டிதான் கிடைக்கும். பழக்கத்துக்காகச் செய்யும் முதல் பெட்டிக்கு அது போதும், தவறில்லை. தடத்தின் சாயல் வேண்டும் என்பவர் இந்திய வடிவில் வார்த்த பெட்டியையோ, முப்பரிமாண அச்சில் எடுத்த உடலையோ தேடித்தான் ஆக வேண்டும். பெயின்ட்டால் அகலத்தைக் கூட்ட முடியாது.

பிரிக்காமலே வேலையை முடிக்கும் வழிகளும் புழக்கத்தில் உள்ளன. பழைய பூச்சின் மேலேயே அடிப்பது ஒன்று. இங்கே கணக்கு இரக்கமற்றது: 0.03 மி.மீ. கனமுள்ள ஒரு பூச்சு, அசல் அளவில் 2.6 மி.மீ. கனத்துக்குச் சமம். பழைய பூச்சு, பிரைமர், இரண்டு நிறங்கள், மேலே கிளியர் என்று சேர்ந்தால் கதவுக் கீலும் கைப்பிடியும் சேற்றில் புதைந்தவை போல மழுங்கிவிடும். இன்னொன்று, பக்கச் சுவரை அப்படியே வண்ணத்தில் அச்சடித்து ஒட்டுவது. அச்சுக்குப் பெயர்போன சிவகாசி இதே தடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முந்தைய ஊர் என்பதால், இந்தப் பக்கத்தில் இது எளிதாகத் தோன்றும் வழி. மெல்லிய வினைல் ஒட்டுத்தாளில் எடுத்தால் கோடும் எழுத்தும் கத்தி போல வரும். ஆனால் புடைப்பு எதுவும் இருக்காது; ஜன்னல் விளிம்பில் வெட்டுமுனை வெள்ளையாகப் பல்லிளிக்கும்; கோடைச் சூட்டில் ஓரம் தூக்கும். அலமாரியில் தூர நின்று பார்க்கும் காட்சிப் பொருளுக்கு இது சரி. கையில் எடுத்துப் பார்க்கும் பெட்டிக்குப் பெயின்ட்தான் சரி.

அசல் ரயில் பெட்டிகள் பெரம்பூர், பொன்மலைப் பணிமனைகளுக்கு முழுப் பராமரிப்புக்குப் போகும்போது முதலில் உடல் போகிகளிலிருந்து தூக்கப்படுகிறது. சக்கரப் பகுதி ஒரு பக்கம், உடல் இன்னொரு பக்கம் என்று வேலை பிரிகிறது. மாடலுக்கும் அந்த வரிசையே நல்லது. பெட்டியை மெத்தென்ற துணியில் கவிழ்த்துப் போட்டு, முதலில் இரு போகிகளையும் எடுக்க வேண்டும். சில திருகாணியில் நிற்கும். சில வெறும் கொக்கி முளையில் அழுத்தி மாட்டப்பட்டவை, நேராக இழுத்தால் வந்துவிடும், சாய்த்து இழுத்தால் முளை ஒடியும். உள்விளக்கு உள்ள பெட்டியில் போகிக்கும் தளத்துக்கும் இடையே மெல்லிய தாமிரத் தகடோ ஒயரோ இருக்கும். அதைப் பார்க்காமல் இழுத்துவிட்டால் பின்னால் சால்டரிங் வேலை தனியாக வரும்.

பிறகு உடல். பெரும்பாலான பெட்டிகளில் தளமும் உடலும் பக்கவாட்டுக் கொக்கிகளால் பிணைந்திருக்கும். சிலவற்றில் கூரைதான் கழலும். எது கழலும் என்பது தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்புவதுதான் அதிகப் பெட்டிகளைக் கெடுத்திருக்கிறது. காலாவதியான ஏடிஎம் கார்டை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக வெட்டி, தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஒவ்வொரு கொக்கியின் அருகிலும் ஒன்றாகச் செருகிக்கொண்டே போனால், கடைசிப் பட்டை நுழையும்போது தளம் தானாகவே விடுபடும். நெம்பவே வேண்டியதில்லை. கொக்கி இருக்கும் இடத்தைச் சுவரின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். ஜன்னல் கண்ணாடியாக உள்ள தெளிந்த பிளாஸ்டிக் பட்டை சிலவற்றில் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். உள்ளிருந்து ஒரு முனையில் விரல் நகத்தால் அழுத்தம் கொடுத்து மெல்ல உரிக்க வேண்டும். அது விரிசல் விட்டால், நல்ல தடிமனான ஓஎச்பி தாளை வெட்டிப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். கழற்றிய திருகாணி, கைப்பிடிக் கம்பி, இணைப்புக் கொக்கி ஆகியவற்றை எந்தப் பக்கத்தில் எடுத்ததோ அந்தப் பக்கத்தின் பெயரெழுதிய மாத்திரை டப்பாவில் போட்டுவைப்பதும், ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொள்வதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

பழைய பெயின்ட்டை எடுப்பதில் ஒரே விதிதான் உண்டு: உடல் எதனால் ஆனது என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது. மாடல் பெட்டிகள் பொதுவாகப் பாலிஸ்டைரின் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெயின்ட் கடைத் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் இவற்றைக் கரைக்கும் அல்லது இளக்கும். பித்தளைத் தகட்டில் செய்த பெட்டிக்கு மட்டுமே தின்னர் பொருந்தும். பிளாஸ்டிக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான் முதல் தேர்வு. உடலின் உட்புறத்தில் மறைவான மூலையில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துவிட்டு, மூடியுள்ள நீளப் பெட்டியில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பல ஆலைப் பூச்சுகள் தோலாக உரிந்துவரும். வராதவற்றுக்குச் சிலர் வாகன பிரேக் ஆயிலைச் சிபாரிசு செய்வார்கள். அது வேலை செய்வது உண்மை. ஆனால் சிலவகைப் பிளாஸ்டிக் அதில் ஊறி மொறுமொறுப்பாகி விரிசல் விடும், கைத்தோலுக்கும் ஆகாது. பிடிவாதமான பூச்சை முழுக்க உரிக்காமல், 1500ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு எழுத்துப் புடைப்பை மட்டும் சமப்படுத்திவிட்டு, மெல்லிய பிரைமரோடு மேலே போவது பல நேரம் அறிவார்ந்த சமரசம். ஆல்கஹால் தீப்பற்றும் பொருள். அடுப்பங்கரையிலோ பூஜை விளக்குப் பக்கத்திலோ இந்த வேலை கூடாது.

உரித்த உடலைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, அதன் பிறகு வெறும் விரலால் தொடாமல் உலரவிட வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. துடைக்கும் துணியில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவை. ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு. கைக்கெட்டிய தூரத்தில் எப்போதும் பஞ்சோ காஸ் துணியோ இருக்கும். பெயின்ட் அடிக்கப்போகும் பரப்பில் இவை இரண்டுமே எதிரி. ஒற்றை இழை ஈரப் பூச்சில் விழுந்தால் எச்ஓவில் அது பெட்டியின் மேல் விழுந்து கிடக்கும் கயிறு. கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியும், ரப்பர் ஊதுபந்தும் போதும். வேலை தொடங்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமான இந்த ஊர்களில் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கும். மொட்டை மாடியில் ஸ்ப்ரே பிடிப்பது வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரம் ஏறியிருக்கும்போது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) வகைப் பெயின்ட் அடித்தால், கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து ஈரம் படிந்து, பளபளப்பு வெளுத்துப் பால்போல் ஆகிவிடும். அடர்நீலத்தில் இது பளிச்சென்று தெரியும். தை முதல் பங்குனி வரையிலான காலைப் பொழுது இங்கே மிகச் சிறந்த நேரம். சித்திரை வெயிலில் வேறொரு கோளாறு: துப்பிய துளி பரப்பைத் தொடும் முன்பே காய்ந்து, சுவர் மணல்தாள் போலச் சொரசொரக்கும். அப்போது தின்னரைச் சற்றுக் கூட்டி, துப்பாக்கியை இன்னும் அருகில் பிடிக்க வேண்டும்.

பிரைமர் வெளிர்சாம்பலாக இருப்பது நல்லது. ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இல்லாதவர் ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டே நன்றாகச் செய்ய முடியும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்துக் குலுக்கினால் துளி நுண்ணியதாகும், அடுப்பில் மட்டும் காட்டக் கூடாது. கார் டிங்கரிங் பட்டறைகளுக்குப் பெயின்ட் கலந்து தரும் கடைகளில் வேண்டிய நீலத்தைச் சிறிய அளவில் கலந்து வாங்கலாம். அங்கே என்சி, பியு என்று இருவகைப் பெயின்ட் உண்டு. ஹார்டனர் சேர்க்கும் பியு வகை கண்ணாடி போல வரும். ஆனால் அதன் ஆவியில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் அந்தப் பொருளைத் துணி முகக்கவசம் தடுக்காது. வீட்டில் அதை அடிக்காமல் இருப்பதே மேல். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அசல் பெட்டியின் நீலத்தை அப்படியே கலக்கக் கூடாது. கையளவுப் பொருளில் அடர்நிறம் அசலைவிடக் கறுத்துத் தெரியும் என்பதால் சிறிது வெள்ளை சேர்ப்பது வழக்கம். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் இல்லை. பழைய டப்பா மூடியில் அடித்து, மாடல் இருக்கப்போகும் அறையின் விளக்கிலேயே பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இரட்டை நீலத்தில் வெளிர்நிறம் முதலில். ஜன்னல் பட்டையை அடித்து, குறைந்தது ஒரு நாள் விட்டு, பட்டையை மறைத்து, பிறகு அடர்நீலம். மறைக்கும் டேப்பின் ஆலை விளிம்பை நம்பக் கூடாது. கடையில் தூசி ஒட்டி அது மேடுபள்ளமாகியிருக்கும். டேப்பைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, இரும்பு அளவுகோலும் புது பிளேடும் வைத்து விளிம்பை வெட்டியெடுத்தால்தான் கோடு நேராக வரும். சாதாரண மாஸ்கிங் டேப்பின் பசை அதிகம். ஒருமுறை உள்ளங்கையில் ஒட்டி எடுத்தால் மட்டுப்படும். ஒட்டிய விளிம்பின் மேல் முதலில் அதே வெளிர்நீலத்தை ஒரு கை லேசாக அடித்துவிட்டால், டேப்பின் அடியில் கசிவதெல்லாம் அந்த நிறமாகவே இருக்கும். மேலே வரும் அடர்நீலம் உள்ளே புகாது. பட்டறைக்காரர்கள் கை பழகிச் செய்யும் இந்த ஒரு வேலை, மீதி எல்லாவற்றையும் விடக் கோட்டைக் காப்பாற்றும். அடர்நீலம் தொட்டால் ஒட்டாத, ஆனால் முழுக்க இறுகாத நிலையில், டேப்பைத் தன் மேலேயே மடக்கிக் கிடைவாக்கில் இழுத்து எடுக்க வேண்டும்.

எழுத்துகளுக்குத் தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் டெக்கால் தாள் உகந்தது. வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது என்பதால், நீலத்தின் மேல் வரும் எழுத்தை ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவரிடம் கொடுத்து எடுப்பதே வழி. பெட்டி எண்ணில் கவனம் வேண்டும். முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய ஆண்டு. கடைசி மூன்று இலக்கம் வகை. அது 201 முதல் 400 வரை இருந்தால் படுக்கை வசதிப் பெட்டி, அதற்கு மேல் 600 வரை பொதுப்பெட்டி. அரக்குச் சிவப்பு மீட்டர் கேஜ் பெட்டியில் 04 என்று தொடங்கும் எண் வந்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். பெட்டி முனையில் கடைசியாகப் பணிமனை கண்ட மாதமும் ஆண்டும், அடுத்து திரும்ப வேண்டிய நாளும் சிறிய எழுத்தில் இருக்கும். பழைய ஐசிஎஃப் விரைவு ரயில் பெட்டிகளுக்கு இடைவெளி பொதுவாக 18 மாதம். இந்தத் தேதியும் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஊர்ப் பலகையில் தமிழ் தனிச் சோதனை வைக்கிறது. அசலில் 15 செ.மீ. உயரமுள்ள எழுத்து எச்ஓவில் 1.7 மி.மீ. அந்த அளவில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தப்பித்துவிடும். ‘செங்கோட்டை’யின் இரட்டைச் சுழிகள் மை பரவி அடைத்துக்கொள்ளும். கோடு மெல்லிய, சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்து, அச்சுக் கோப்பில் எழுத்திடைவெளியைச் சற்றுக் கூட்டினால் வாசிக்க முடிகிறது. டெக்கால் பதிக்கும் முன் பளபளப்பான கிளியர் ஒரு பூச்சு அவசியம். மங்கலான பரப்பில் பதித்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். பதித்து உலர்ந்த பின் அரைப்பளபளப்புக் கிளியரால் எல்லாவற்றையும் மூடலாம்.

ஜன்னல் கம்பி இல்லாத குளிர்சாதனமற்ற பெட்டி இந்தத் தடத்தில் நம்பும்படி இருக்காது. 0.2 மி.மீ. தாமிரக் கம்பியை இழுத்து நேராக்கி, உட்புறத்தில் குறுக்காக ஒட்டுவது பொறுமை கேட்கும் வேலை. தெளிந்த தாளில் கோடுகளாக அச்சடித்து வைப்பது அதன் எளிய மாற்று. அவசர வழி ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, விட்டுவிடலாம். கண்ணாடியை ஒட்ட ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டாம். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கை வெண்படலமாக்கும். வெள்ளைப் பசை போதும்.

அழுக்கு கொஞ்சம் வேண்டும். பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் போகியையும் கீழ்ச்சட்டத்தையும் துருப்பழுப்பாக்கும். கூரையில் சாம்பல் புழுதி. பயோ டாய்லெட் வருவதற்கு முந்தைய பெட்டியென்றால் கழிப்பறைக் குழாயைச் சுற்றிக் கறை. உலர்ந்த சாக்பீஸ் தூளைத் தூரிகையால் தொட்டு வைத்து, மேலே மங்கல் கிளியர் அடித்தால் நிற்கும். பெரும்பாலோர் இதில் அளவு மீறுகிறார்கள். பக்கச் சுவர் கழுவப்படும் இடம், அங்கே கை வைக்காமலிருப்பது நல்லது.

பூட்டுவது பிரித்ததன் தலைகீழ் வரிசை, ஆனால் பெயின்ட் முழுக்க இறுக ஒரு வாரமாவது விட்ட பிறகு. கொக்கிகள் உரசும் இடத்திலும், போகி திரும்பும் குடைவிலும் படிந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். போகித் திருகாணியை முழுக்க இறுக்கிவிட்டு, ஒன்றை அரைச் சுற்றும், மற்றொன்றை அதைவிடச் சற்றுக் குறைவாகவும் தளர்த்தினால் ஒரு முனை ஆடாமல் நிற்கும், மறுமுனை பாதையின் மேடுபள்ளத்துக்கு இசையும். எடையைப் பொறுத்தவரை அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 256 மி.மீ. பெட்டிக்குச் சுமார் 170 கிராம் வரும். குறைந்தால் தளத்தின் நடுவில் ஈயத்துண்டு ஒட்டலாம். கூரையில் ஒட்டினால் வளைவில் கவிழும். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் எடுத்த உடலைப் பகலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது. 60 டிகிரியை நெருங்கினாலே அது நெளியும், இங்கே வைகாசியில் மூடிய கார் அதைத் தாண்டும். கலந்த நீலத்தில் மிஞ்சியதைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடி, கலவை விகிதத்தை மேலே எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த பெட்டிக்கும் உரசல் வரும்போது திருத்தவும் அதே நிறம் கைவசம் இருக்கும்.